தரங்கம்பாடிக்கு ஒரு நாள் டூர்: சிறை வைத்த கோட்டை, தமிழ் அச்சடித்த மிஷன், காத்து வாங்க கடற்கரை

மயிலாடுதுறை:

லீவு நாள்ல பிள்ளைகளை எங்கே கூட்டிட்டுப் போறதுன்னு யோசிக்கிறவங்களுக்கு, அதிக செலவு வைக்காத ஊர் தரங்கம்பாடி. மயிலாடுதுறையில் இருந்து திருக்கடையூர் வழியாக பொறையார், காரைக்கால் செல்லும் பஸ்சில் ஏறினால் இறங்கிக்கொள்ளலாம். 1792-ல் கட்டப்பட்ட வளைவு வாசலுக்குள் நுழைந்து, ராஜா வீதியில் நேராக நடந்தால் கடல்தான்.

மணலில் தமிழ் படித்தவர்

தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று, 1620-ல் டென்மார்க் நாட்டினர் இங்கே கோட்டை கட்டினர். 1706 ஜூலை 9-ந்தேதி ஜெர்மனி பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 23. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி தமிழ் படித்தார்.

கடன் வழக்கில் சிக்கிய ஒரு விதவைக்காக அவர் பரிந்து பேசியது டென்மார்க் கவர்னருக்குப் பிடிக்கவில்லை. 1708-ல் பாதிரியாரைப் பிடித்து இதே கோட்டையில் சுமார் 4 மாதம் சிறை வைத்தார். வெளியே வந்தும் அவர் ஊரை விட்டு ஓடவில்லை.

கடுதாசிப்பட்டறை

1715-ல் புதிய ஏற்பாட்டை தமிழில் அச்சிட்டு முடித்தார். இந்திய மொழிகளில் முதலில் அச்சான புதிய ஏற்பாடு இதுதான். காகிதத் தட்டுப்பாடு வந்ததால் பக்கத்தில் பொறையாரில் காகிதப் பட்டறையே போட்டனர். அந்த இடத்துக்கு கடுதாசிப்பட்டறை என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1718-ல் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் ராஜா வீதியில் இருக்கிறது. 1719-ல் 36 வயதில் இறந்த அவரது கல்லறையும் அதற்குள்தான்.

கடல் தின்னும் ஊர்

கோட்டைக்குப் பக்கத்திலேயே பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோவில். இதன் முன்பகுதியை கடல் கொண்டுபோய்விட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமி இங்குள்ள மீனவர் குடும்பங்களையும் விட்டுவைக்கவில்லை. அரிப்பைத் தடுக்க கரையில் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். கல்லில் பாசி வழுக்கும். போட்டோ எடுக்கிறேன்னு பிள்ளைகளை அதில் ஏற விடக்கூடாது.

கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகம் சாயங்காலம் மூடிடும். அதனால முதல்ல கோட்டை, அப்புறம் ஆலயம், வெயில் தாழ்ந்த பிறகு கடற்கரை என்று வைத்துக்கொண்டால் அலைச்சல் இருக்காது. 1845-ல் டென்மார்க் நாட்டினர் இந்த ஊரை ஆங்கிலேயரிடம் விலைக்கு விற்றுவிட்டுப் போனார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.