உஷார்! பிளைவீலில் ஓட்டை போடுகிறார்கள்

தீபாவளிக்கு முன்னால் கிளட்ச் மாற்ற வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடப்போகிற மேனுவல் கார்க்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். "கியர்பாக்ஸை இறக்கியாச்சு தம்பி, அப்படியே பிளைவீலையும் லேத்துல குடுத்து இளைச்சுரலாம். சுத்தி நாலு ஓட்டை போட்டா காத்து போகும், கிளட்ச் கூலா இருக்கும்" என்று யாராவது சொன்னால், சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஓட்டைகளால் கிளட்ச் குளிராது. வார்ப்பிரும்புப் பிளைவீல் பலவீனமாகும். பலவீனமான பிளைவீல் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் உடைந்தால் என்ன நடக்கும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இந்தப் பேச்சு ஜொகூரில் எடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. 1924-இல் திறந்த, சிங்கப்பூருக்குப் போகும் காஸ்வே ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிக நீளம், அவ்வளவுதான். அந்த ஒரு கிலோமீட்டரைக் கடக்க வெள்ளிக்கிழமை மாலையிலும் பள்ளி விடுமுறையிலும் எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஜொகூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1998-இல் இரண்டாவது பாலம் வந்தும் வரிசை குறையவில்லை. பழைய வீராவோ சத்ரியாவோ கெலிசாவோ ஓட்டுகிறவர், நாலடி நகர்ந்து நிற்பதும் மறுபடி நாலடி நகர்வதுமாக இடது காலைப் பெடலிலேயே வைத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் கருகல் நாற்றம். அடுத்த வாரம் ஒர்க்‌ஷாப். அங்கே இந்த யோசனை. பணம் அதிகம் கேட்பதில்லை, கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஓட்டையில் காற்று போகும் என்றால் யாருக்குத்தான் சரியென்று படாது?

கிளட்ச் எங்கே சூடாகிறது என்று பார்த்தால் இதிலுள்ள கோளாறு தெரிந்துவிடும். எஞ்சின் சுற்றுகிறது, கியர்பாக்ஸ் தண்டு நிற்கிறது. இரண்டையும் இணைக்க, கிளட்ச் பிளேட் ஒரு பக்கம் எஞ்சினோடு சுற்றும் பிளைவீலோடும் மறுபக்கம் பிரஷர் பிளேட்டோடும் உரசி வழுக்கித்தான் பிடிக்க முடியும். அந்த வழுக்கலில் பிறக்கும் சூட்டை கிளட்ச் பிளேட் வாங்கிக்கொள்ளாது. அதன் உராய்வுப் பட்டை சூட்டை எளிதில் கடத்தாத பொருள். ஆகவே ஏறத்தாழப் பாதிச் சூடு பிளைவீலுக்கும் மீதி பிரஷர் பிளேட்டுக்கும் போகிறது. அங்கே இரும்பு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு மெதுவாகச் சூடேறும். கார்த் தொழிற்சாலைகள் பிளைவீலைக் கனமாகச் செய்வது எஞ்சின் சீராக ஓடுவதற்காக மட்டும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கிளட்சின் சூட்டை முதலில் வாங்கி வைக்கும் இடமும் அதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு 1,100 கிலோ எடையுள்ள கார். நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் ஏறும் சரிவில், பிரேக்கை மிதிக்காமல் கிளட்சைப் பாதி விட்டே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறீர்கள். ஷாப்பிங் மால் கார் பார்க்கின் ஏற்றத்தில் தினமும் நடப்பதுதான் இது, கெந்திங் ஏறும் வரிசையிலும் நடக்கும். எஞ்சின் 1,200 சுற்றில் இருந்தால் கிளட்சில் உண்டாகும் சூடு 2.7 கிலோவாட்டுக்குப் பக்கம். சமையலறையில் தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கெட்டிலை விட அதிகம், அதுவும் மூடிய பெட்டிக்குள். ஒரு நிமிடம் அப்படி நின்றால் 160 கிலோஜூல். அதில் பாதியை 7 கிலோ பிளைவீல் வாங்கினால் அதன் சராசரி வெப்பம் 24 டிகிரி கூடும். அதையே லேத்தில் 4 கிலோவாக இளைத்திருந்தால் 42 டிகிரி. இது சராசரி. உரசும் மேல்தோலின் சூடு இதைவிடப் பல மடங்கு போகும்.

நீண்ட நேர நெரிசலில் கனம் மட்டும் காப்பாற்றாது என்பது உண்மைதான். ஒரு மணி நேரம் ஊர்ந்தால் கனமான இரும்பும் கடைசியில் சூடாகும். சூட்டை வெளியே தள்ளக் காற்று வேண்டும். ஓட்டைக் கட்சிக்காரர்கள் பிடித்துக்கொள்வது இந்த இடத்தைத்தான். ஆனால் பிளைவீல் இருப்பது எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் பெல் ஹவுசிங் என்ற அடைத்த கூட்டுக்குள். உள்ளே எத்தனை ஓட்டை போட்டாலும் அதே சூடான காற்றுதான் திரும்பத் திரும்பச் சுற்றும். கார் நிற்கும்போது வெளிக்காற்றும் படாது. காற்றால் குளிரும் கிளட்ச் இருக்கத்தான் செய்கிறது. டுகாட்டி மோட்டார்சைக்கிள்களின் உலர் கிளட்சைப் பார்த்திருப்பீர்கள், மூடியில் திறப்புகளோடு வெளியே தெரியும்படி இருக்கும். அங்கே காற்று உள்ளே வர வழியும் வெளியே போக வழியும் சேர்த்தே வடிவமைத்திருக்கிறார்கள். உங்கள் வீராவில் அது கிடையாது.

இதோடு இன்னொரு அடியும் விழுகிறது. பிளைவீல் இளைத்தால் அதில் தேங்கும் சுழல் ஆற்றலும் குறையும். கிளட்சை விட்டவுடன் எஞ்சின் திணறி அணையப் பார்க்கும். அணையாமலிருக்க நீங்கள் கூடுதலாக முறுக்குவீர்கள், கிளட்சை இன்னும் மெதுவாக விடுவீர்கள். அதாவது அதிகச் சுற்றில் அதிக நேரம் வழுக்கல். சூட்டை வாங்கும் இரும்பைக் குறைத்துவிட்டு, பிறக்கும் சூட்டைக் கூட்டுகிறீர்கள். ரேஸ் டிராக்கில் இதற்கு அர்த்தம் உண்டு. அங்கே சுற்றுகிறவர் ஒரு முறை கிளம்பினால் பிறகு நிற்பதில்லை, எஞ்சின் சட்டென்று ஏறி இறங்குவதுதான் அவருக்கு வேண்டும். காஸ்வேயில் அரை மணி நேரத்துக்குள் நூறு முறை கிளம்புகிறவருக்கு அதில் என்ன லாபம்?

இனி உயிர் விஷயம்.

26 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பிளைவீல் 6,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு 290 கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது. அந்த விளிம்பில் 100 கிராம் எடையுள்ள ஒரு துண்டு, அரை டன் பாரத்தின் அளவுக்கு வெளியே இழுக்கும். வார்ப்பிரும்பு நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்குவதில் சோதா. அது வளைந்து எச்சரிக்காது, நேரே பிளந்துவிடும். முழு இரும்பாக இருக்கும்வரை போதுமான தாங்குதிறன் இருக்கிறது, தொழிற்சாலை அதைக் கணக்குப் பார்த்தே வார்த்திருக்கிறது. ஒரு வட்ட ஓட்டையின் ஓரத்தில் இழுவிசை மூன்று மடங்கு வரை கூடும் என்பது பொறியியல் மாணவர்கள் முதலில் படிக்கும் பாடங்களில் ஒன்று. பழைய பிளைவீலின் முகத்தில் சூட்டு விரிசல்கள் ஏற்கெனவே இருக்கும். ஓட்டையின் ஓரமும் விரிசலும் சந்திக்கிற இடத்தில் அது விட்டுப்போகும்.

ஓட்டை சரிசமமாக விழாவிட்டால் பேலன்ஸ் கெடும். அதிர்வில் கிராங்க் தண்டின் பேரிங் தேயும், பின்பக்க ஆயில் சீல் கசியும், கசிந்த ஆயில் கிளட்சிலேயே விழும். இவையெல்லாம் பணச் செலவு. உடைந்தால் பணச் செலவோடு நிற்காது. எஞ்சின் குறுக்குவாட்டில் உட்காரும் முன்சக்கரக் கார்களில், பிளைவீல் சுற்றும் தளம் காரின் நீளவாக்கில் இருக்கிறது. துண்டு முன்னே போனால் ரேடியேட்டர், மேலே போனால் பானெட், பின்னே போனால் ஆட்கள் கால் வைக்கும் இடம். நடுவில் இருக்கும் பெல் ஹவுசிங் மெல்லிய அலுமினிய வார்ப்பு. அது கியர்பாக்ஸைத் தாங்கச் செய்தது, குண்டுத் துண்டைத் தடுக்க அல்ல.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் அமெரிக்க டிராக் ரேஸ் விதிகளைப் பாருங்கள். வேகமான வகுப்புக் கார்களில் பிளைவீலும் கிளட்சும் எஸ்எஃப்ஐ 1.1 என்ற தரத்துக்கும், அவற்றைச் சுற்றிய கவசக் கூடு எஸ்எஃப்ஐ 6.1 என்ற தரத்துக்கும் சான்று பெற்றிருக்க வேண்டும். ஓட்டுநரின் காலுக்கு மேலேயும் பக்கத்திலேயும் வெடித்த இரும்பைப் பார்த்த பிறகு எழுதிய விதிகள் அவை. 1970 மார்ச் 8-ஆம் தேதி கலிபோர்னியாவின் லயன்ஸ் டிராக் ஸ்டிரிப்பில் டிராக் ரேஸ் ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் காரில் டிரான்ஸ்மிஷன் வெடித்தது. கார் இரண்டாகப் பிளந்தது, அவருடைய வலது பாதத்தில் ஒரு பகுதி போயிற்று. அதன் பிறகுதான் அவர் எஞ்சினைத் தனக்குப் பின்னால் வைத்து காரைக் கட்டினார். அங்கே வெடித்தது டிரான்ஸ்மிஷன், பிளைவீல் இல்லை. ஆனால் காலருகே அந்த வேகத்தில் சுற்றும் இரும்பு உடைந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

புஸ்பாகோம் வாகனப் பரிசோதனையில் பாஸ் ஆயிற்றே என்று சொல்லாதீர்கள். எந்தப் பரிசோதனையிலும் கியர்பாக்ஸை இறக்கிப் பார்ப்பதில்லை. பிளைவீல் யார் கண்ணிலும் படாது.

அலுமினியப் பிளைவீல் வேறு கதை. ஒரு கிலோவுக்கு அலுமினியம் வாங்கும் சூடு இரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு, சூட்டைக் கடத்துவதிலும் அது பல மடங்கு வேகம். நல்ல நிறுவனத்தின் சான்று பெற்ற பொருளில், கிளட்ச் உரசும் இடத்தில் எஃகு வட்டம் பதித்திருக்கும், தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். உஷாராக இருக்க வேண்டியது பெயரில்லாத மலிவுச் சரக்கிடம். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல இரு மடங்கு விரியும், 200 டிகிரிக்கு மேல் அதன் பலம் வெகுவாகக் குறையும். எஃகு வட்டத்தைப் பிடித்திருக்கும் திருகுகள் சரியில்லாவிட்டால் அங்கேதான் ஆட்டம் காணும். அசலாகவே இருந்தாலும், எடை குறைந்தால் எஞ்சின் திணறும், வழுக்கல் கூடும் என்று மேலே சொன்னது காஸ்வே ஊர்தலில் மாறப்போவதில்லை.

இன்னொரு கைவேலையும் நடக்கிறது. பெல் ஹவுசிங்கின் அடியில் ஜன்னல் வெட்டுவது, அல்லது எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள மெல்லிய தகட்டைத் திரும்ப மாட்டாமலே விட்டுவிடுவது. "காத்து வரட்டும்" என்பார்கள். ஜொகூரில் காற்று மட்டுமா வரும்? 2006 டிசம்பரில் கோத்தா திங்கியும் சிகாமாட்டும் முழுகின, 2023 மார்ச்சில் பத்து பகாட்டில் வாரக்கணக்கில் தண்ணீர் நின்றது. அவ்வளவு வேண்டாம், ஒரு மாலை மழையில் சாலையில் முழங்கால் தண்ணீர் போதும். சேறும் மணலும் உள்ளே போய் உரசும் முகத்தில் உட்காரும். ஈரத்தோடு நாலு நாள் வண்டி நின்றால் கிளட்ச் பிளேட் துருவில் பிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும், பெடலை மிதித்தாலும் விடாது. தொழிற்சாலை அடியைத் திறந்துவிடாமல் மூடியிருப்பது காரணமில்லாமல் இல்லை.

ஓட்டோ கார் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். உலர் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் உள்ள கார்களும் ஊர்தலில் இதே சூட்டைத்தான் வாங்குகின்றன, பெடல் மட்டும் கணினியின் கையில். 2020-இல் வந்த புரோட்டோன் எக்ஸ்50-இல் இருப்பது எண்ணெயில் நனையும் வகை. அங்கே சூட்டை எண்ணெய் எடுத்துப்போகிறது. குளிர்விப்புக்கு வடிவமைப்பில் விடை தேடினால் அது அந்தத் திசையில் கிடைக்கும், லேத் பட்டறையில் கிடைக்காது.

அப்படியானால் கிளட்ச் மாற்றும்போது பிளைவீலைத் தொடவே கூடாதா? தொடலாம். முகத்தை ஸ்கிம் செய்து சமப்படுத்துவது முறையான வேலை. ஆனால் தொழிற்சாலை கொடுத்த குறைந்தபட்சத் தடிப்புக்குக் கீழே போகக் கூடாது. முகத்தில் நீலத் திட்டுகள் இருந்தால் அங்கே 300 டிகிரியைத் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். நகத்தில் மாட்டும் விரிசல் இருந்தால் சீவிப் பயனில்லை, புதிதாக வாங்குங்கள். பயன்படுத்திய பாகங்கள் விற்கும் ஹாஃப்-கட் கடையில் எடுத்ததென்றால் மாட்டுவதற்கு முன் நீங்களே கண்ணால் பார்த்து, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

வரிசையில் நிற்கும்போது முன்வண்டி நகர்ந்தவுடன் நாமும் நகர வேண்டும் என்ற அவசரமே கிளட்சைத் தின்கிறது. இரண்டு கார் நீளம் இடம் விட்டு, முதல் கியரில் காலை முழுதாக எடுத்து உருளவிடுங்கள். நடுவில் யாராவது நுழைவார்கள், நுழையட்டும். நின்றால் நியூட்ரல், ஹேண்ட்பிரேக். கருகல் நாற்றம் வந்துவிட்டால் ஓரம் கட்டி, நியூட்ரலில், பெடலிலிருந்து காலை எடுத்து, எஞ்சினை அணைக்காமல் ஓடவிடுங்கள். சுற்றும் இரும்பு நிற்கும் இரும்பை விடச் சீக்கிரம் ஆறும்.

ஏற்கெனவே ஓட்டை போட்ட பிளைவீலோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், அதைக் கழற்றி மாற்றும் வரை எஞ்சினை 3,000 சுற்றுக்கு மேல் ஏற்றாதீர்கள். பாதி வேகத்தில் இழுவிசை கால்வாசியாகக் குறையும். அது கொஞ்சம் அவகாசம் கொடுக்கும், பத்திரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒர்க்‌ஷாப்புக்கு இந்த வாரமே போங்கள்.