நாலுகெட்டு: வீடும் சொல்லும்

1. தோற்றுவாய்

மலையாளப் புனைகதைகளைத் தமிழாக்குவோர் அடிக்கடி நுழைய வேண்டிய இடம், கேரளத்துப் பழைய நிலவுடைமைக் குடும்பங்களின் வீடு. எம்.டி. வாசுதேவன் நாயரின் 'நாலுகெட்டு' (1958) என்னும் புதினம் அவ்வீட்டின் பெயரையே தலைப்பாகக் கொண்டது. அவ்வீட்டின் உறுப்புகளைக் குறிக்கும் சொற்களுட் பல தமிழுக்கு இனமானவை. ஆயினும் அவை சுட்டும் பொருள் பல இடங்களில் வேறு. எழுத்தை மட்டும் மாற்றிவைத்தால் வீடே மாறிவிடும் என்பதைச் சில சான்றுகளால் இக்கட்டுரை விளக்குகிறது.

2. அமைப்பு

'கெட்டு' என்பது தமிழில் 'கட்டு'. தமிழகத்துப் பெரிய வீடுகளில் முதற்கட்டு, இரண்டாங்கட்டு என்பன தெருவாயிலிலிருந்து கொல்லை நோக்கி எண்ணப்படும். நாலுகெட்டிலோ நடுமுற்றத்தைச் சூழ்ந்து நாற்புறமும் அமைந்த பகுதிகளே நான்கு கெட்டுகள். வடக்கினி, கிழக்கினி, தெக்கினி, படிஞ்ஞாற்றினி என்பன அவற்றின் பெயர்கள். முற்றம் இரண்டானால் எட்டுகெட்டு, நான்கானால் பதினாறுகெட்டு. 'நான்கு கட்டு வீடு' என்று பெயர்த்தால் தமிழ் வாசகர் நீண்டு செல்லும் வீட்டையே எண்ணிக்கொள்வார்.

திசைப்பெயர்களும் கருதத்தக்கன. 'கிழக்கு' என்பதன் அடி 'கீழ்'. கேரளத்திலோ மலை கிழக்கே உள்ளது. தாழ்ந்த கடற்கரை மேற்கே உள்ளது. இம்முரணைச் சுட்டிய கால்டுவெல், மலைக்குக் கிழக்கே வாழ்ந்தோரின் வழக்கே இச்சொல் என வாதிட்டார். மேற்கைக் குறிக்கும் 'படிஞ்ஞாறு' படுஞாயிற்றிலிருந்து பிறந்தது.

தமிழ்நாட்டு வீடு பெரும்பாலும் தெருவில் வரிசையாக நிற்கும். தறவாட்டு வீடு தன் தோட்டத்தின் நடுவே தனித்து நிற்கும். குளமும் பாம்புக்காவும் தொழுவமும் களமும் அத்தோட்டத்துள் அடங்கும். அத்தோட்டம் மலையாளத்தில் 'பறம்பு'. சங்க இலக்கியம் பயின்ற தமிழருக்குப் பறம்பு என்பது பாரியின் மலை.

3. அறயும் அறையும்

பொருள் மயக்கம் மிகுவது 'அற' என்னும் சொல்லில். தமிழில் அறை என்பது பொதுவாக மக்கள் புழங்கும் இடம். அதற்கு மலையாளத்தார் வழங்கும் சொல் 'முறி'. தறவாட்டின் 'அற' நெல்லும் பொருளும் காக்கும் மரச்சுவர்க் களஞ்சியம். அதன் திறவுகோல் மூத்த ஆண்மகனாகிய காரணவரிடம் இருக்கும். மருமக்கள்தாயக் குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு நெல் என்பதை அத்திறவுகோலே முடிவு செய்தது. 'அறையைப் பூட்டினார்' என்று பெயர்த்தால் கதவு மட்டுமே தெரியும், அதிகாரம் தெரியாது.

வாயிற்கட்டடமாகிய 'படிப்புர'யும் அத்தகையதே. அந்நெல்லை விளைவித்த தாழ்த்தப்பட்ட மக்கள் அதனைக் கடந்து உள்ளே வர இயலாதிருந்தது. 'வாசல்' என்னும் சொல் இவ்விலக்கைத் தாங்காது.

4. முடிவுரை

1970 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம் குத்தகை நிலத்தை உழுதவர்க்கு உரியதாக்கியது. 1975ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டுக்குடும்ப உடைமையை ஒழித்தது. பாகப்பிரிவினைக்குப்பின் பல வீடுகள் பிரிக்கப்பட்டு மரங்கள் விற்கப்பட்டன. உழுதவர்க்கு அது விடுதலை, அதற்காக வருந்துவதற்கில்லை. ஆனால் வீடு மறைந்தபின் அதன் ஒழுங்கையும் கொடுமையையும் ஒருசேர உணர்த்தும் சான்று அச்சொற்களே. ஆதலின் அற, பறம்பு, படிப்புர போன்றவற்றை அவ்வாறே நிறுத்தி, முதல் வருகையில் தொடரின் போக்கிலேயே பொருள் விளங்கச் செய்வதே தக்க நெறி எனலாம்.