துறைமுகத்துக் குதிரும் நகரத்து மூச்சும்

1980-களில் ஸ்பெயின் நாட்டு பார்சிலோனா நகரில் சில நாட்கள் மட்டும் மருத்துவமனைகள் திணறின. சில மணி நேரத்துக்குள் கடும் மூச்சிரைப்போடு ஆட்கள் வரிசையாக வந்து இறங்குவார்கள். சிலருக்கு உடனே செயற்கைச் சுவாசம் வைக்க வேண்டியிருக்கும். மறுநாள் எல்லாம் ஓய்ந்துவிடும். 1981 முதல் 1987 வரை இப்படி 26 நாட்கள். உயிரிழந்தவர்களும் உண்டு. வந்தவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். நடுவயதைத் தாண்டியவர்களும் அவர்களில் இருந்தார்கள். குழந்தைகளைக் காணோம்.

முதலில் வாகனப் புகை மீதும் ஆலைப் புகை மீதும்தான் சந்தேகம் விழுந்தது. ஆனால் புகை குழந்தைகளை மட்டும் விட்டுவைக்குமா? ஜுசெப் மரியா அன்டோ, ஜோர்டி சுன்யெர் உள்ளிட்ட ஆய்வாளர்கள், நோயாளிகளுக்கு எங்கே மூச்சு முட்டியது என்று வரைபடத்தில் குறித்தார்கள். புள்ளிகள் துறைமுகத்தை ஒட்டியே குவிந்தன. அடுத்து, எந்தக் கப்பலில் என்ன சரக்கு, என்றைக்கு இறங்கியது என்று பார்த்தார்கள். 1985, 1986 ஆகிய இரண்டு ஆண்டுகளில் நோய் வெடித்த நாட்கள் 13. அந்த 13 நாளும் துறைமுகத்தில் சோயா பீன்ஸ் இறங்கியிருந்தது.

சோயா இறங்கிய மற்ற பல நாட்களில் ஏன் ஒன்றும் நடக்கவில்லை? விடை காற்றில் இருந்தது. காற்றழுத்தம் கூடி, தூசி மேலே கலைந்து போகாமல் தேங்கி, தெற்கிலிருந்து மெல்லிய காற்று ஊரை நோக்கி வீசிய நாட்களில்தான் விபரீதம் நேர்ந்தது.

தூசி வந்த வழியும் தெரிந்தது. கப்பலிலிருந்து வரும் பயறு, கோபுரம் போன்ற ராட்சதக் குதிருக்குள் மேலிருந்து கொட்டப்படும். விழும் வேகத்தில் காய்ந்த தோல் நொறுங்கும். பயறு நிரம்ப நிரம்ப, உள்ளே இருந்த காற்று உச்சி வழியாக வெளியேறும். முறத்தில் உளுந்தைப் புடைக்கும்போது தொலி பறப்பதுபோல, தோல் தூளும் அதோடு பறக்கும். அதைப் பிடித்து நிறுத்த உச்சியில் துணிப்பை வடிகட்டி இருக்க வேண்டும். ஒரு குதிரில் அது இல்லை.

ரத்தப் பரிசோதனையும் இதையே சொன்னது. அந்த நாட்களில் பாதிக்கப்பட்ட 86 பேரில் 64 பேருக்குச் சோயாவுக்கு எதிரான ‘ஐஜிஇ’ எதிர்ப்பொருள் இருந்தது. மற்ற நாட்களில் ஆஸ்துமாவோடு வந்த 86 பேரில் நால்வருக்குத்தான் இருந்தது. ஐஜிஇ ஒரு நாளில் உருவாவதில்லை. சோயாத் தோலில் உள்ள புரதத்தை மீண்டும் மீண்டும் சுவாசித்த உடல், அதைப் பகையென்று முடிவு கட்டிய பிறகுதான் உருவாகிறது. பிறகு மூச்சுக்குழாய்ச் சுவரிலுள்ள ‘மாஸ்ட்’ என்ற நோயெதிர்ப்புச் செல்களில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே புரதம் திரும்ப வந்ததும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும், குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், சளி அடைக்கும். புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல் என்பதும் பின்னர் தெரிந்தது.

1987-இல் வடிகட்டி பொருத்தியதும் அந்தப் பெருந்தாக்குதல்கள் நின்றன. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் துறைமுக நகரைப் பல ஆண்டுகள் குழப்பிய பழைய ஆஸ்துமா அலைகளுக்கும் சோயாக் கப்பல்களோடு தொடர்பு இருந்தது பிறகு வெளிப்பட்டது.

காற்றில் வரும் தூசி பெரியவர்களின் மூச்சையும் முட்டவைக்கும் என்பதற்கு பார்சிலோனா சாட்சி. ஆனாலும் ஐம்பது வயதில் ஒருவருக்குப் புதிதாக இளைப்பு வந்தால், “இந்த வயதில் என்ன ஆஸ்துமா?” என்று ஒதுக்கிவிடுகிறோம். பெரியவர்களின் ஆஸ்துமாவில் ஏறத்தாழ ஆறில் ஒன்றுக்கு வேலையிடத்துக் காற்றே காரணமாகவோ துணையாகவோ இருக்கிறது. மாவு மில், மரப் பட்டறை, கார் பெயின்ட் கடை என்று பட்டியல் நீளும். எங்கே வேலை, விடுமுறை நாளில் மூச்சு லேசாகிறதா என்ற இரண்டு கேள்விகளை மருத்துவர் கேட்காவிட்டாலும், பதிலை நாமே அவரிடம் சொல்லிவிடுவது நல்லது.