பதநீர் எத்தனை மணி நேரத்தில் கள்ளாகும்? சாலையோரம் வாங்கிக் குடிக்கலாமா, சமைக்கலாமா? முழு விவரம்

வெயில் ஏறிவிட்டால் போதும், திருச்சி - சென்னை தேசிய நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டும்போதும், அரியலூரில் இருந்து ஜெயங்கொண்டம், கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் போகும்போதும் நுங்கும் பதநீரும் கண்ணில் பட ஆரம்பிக்கும். பைக்கை ஓரங்கட்டி ஒரு சொம்பு குடித்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். "இயற்கையானது, ஒண்ணும் பண்ணாது" என்பதுதான் எல்லோரும் சொல்லும் வார்த்தை.

பாதி உண்மை. நல்ல பதநீர் ஒன்றும் பண்ணாது. ஆனால் எது நல்ல பதநீர் என்பதை மரத்தை வைத்துச் சொல்ல முடியாது. இறக்கி எவ்வளவு நேரம் ஆனது, கலயத்தில் சுண்ணாம்பு இருந்ததா, இந்த இரண்டும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

பதநீர், கள்: இரண்டும் ஒன்றா?

மரத்தில் இருந்து சொட்டும்போது இரண்டும் ஒரே சாறுதான். பனையின் பாளையை நாரால் கட்டி, மரக் கடிப்பால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை தினமும் மெல்லிசாகச் சீவிவிடுவார்கள். சில நாள் இப்படிப் பாடுபட்ட பிறகுதான் சாறு சொட்ட ஆரம்பிக்கும். அதைப் பிடிக்க ஒரு கலயம் கட்டுவார்கள். ஆண் பனை, பெண் பனை இரண்டிலும் இறக்கலாம். பெண் பனையில் எந்தக் குலையைச் சீவுகிறார்களோ, அந்தக் குலையில் நுங்கு கிடைக்காது. ஒன்றை விட்டால்தான் இன்னொன்று!

வித்தியாசம் அந்தக் கலயத்துக்குள்ளே இருக்கிறது. உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாமல் விட்டால் கள்.

சுண்ணாம்பு அப்படி என்ன செய்கிறது?

பனஞ்சாற்றில் நூற்றுக்குச் சுமார் 10 முதல் 14 பங்கு வரை சர்க்கரை இருக்கிறது. இவ்வளவு இனிப்பு, திறந்த கலயம், 35 டிகிரிக்கு மேல் வெயில். ஈஸ்ட்டுக்கும் பாக்டீரியாவுக்கும் இதைவிட நல்ல விருந்து கிடையாது. சாறு சொட்டத் தொடங்கிய உடனேயே அவை வேலையை ஆரம்பித்துவிடும். சில மணி நேரத்தில் நுரை வரும், புளிப்பு ஏறும், சர்க்கரை ஆல்கஹாலாக மாறும். காலையில் இறக்கியது சாயங்காலத்துக்குள் நன்றாகவே போதை தரும் கள்ளாகிவிடும்.

சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மைக்குக் கொண்டு போகிறது. அந்த நிலையில் ஈஸ்ட்டால் பெருக முடியாது. அதனால் சர்க்கரை சர்க்கரையாகவே இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லுக்கும் சிமென்ட் ஆலைகளுக்கும் பேர்போன அரியலூர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கலாம். மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான வருடங்களாகக் கிடக்கும் அதே சுண்ணாம்புச் சத்துதான், சுட்டு நீற்றிய பிறகு, மர உச்சியில் ஒரு விரல் பூச்சாகச் சாற்றைக் காப்பாற்றுகிறது.

ஆனால் இந்தக் காவலும் நிரந்தரம் கிடையாது. வெயிலில் கேனில் கிடந்தால் பதநீரும் கெடும். அன்றைக்கு இறக்கியதை அன்றைக்கே, முடிந்தால் காலையிலேயே குடித்துவிட வேண்டும். கெடக்கூடாது என்று சிலர் சுண்ணாம்பை அள்ளிப் போட்டுவிடுவார்கள். அதுவும் ஆபத்து. நாக்கு தடித்து வாய் வெந்த மாதிரி ஆகிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 1987-ம் ஆண்டு ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. பக்கத்தில் கேரளாவிலும் புதுச்சேரியிலும் கள்ளுக்கடை உண்டு, இங்கே இல்லை. தென்னையில் இருந்து புளிக்காத நீரா இறக்க 2017-ல் தமிழக அரசு வழி செய்தது. தடையை நீக்கச் சொல்லி விவசாயிகள் நீண்ட காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது தனிக் கதை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பனையேறியைப் பொறுத்தவரை தொழிலுக்கும் வழக்குக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளிக்கும், புளித்தால் அது கள். அதிகமானால் வாங்குபவர் முகம் சுளிப்பார். எடை போடும் கருவி எதுவும் இல்லாமல், கை அளவிலேயே இதைச் சரியாகச் செய்வது சாதாரண விஷயம் அல்ல.

நிபா பயம்: பச்சையாகக் குடிக்கலாமா?

கேரளாவில் நிபா என்று செய்தி வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. கள், பதநீர் குடித்தால் நிபா வருமா?

பயத்துக்குக் காரணம் வங்கதேசம். அங்கே குளிர்காலத்தில் பேரீச்ச மரத்தைச் சீவிச் சாறு இறக்கி, காய்ச்சாமல் பச்சையாகவே குடிப்பார்கள். 2005-ல் டாங்காயில் மாவட்டத்தில் பரவிய நிபாவுக்கு இந்தப் பச்சைச் சாறுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இரவில் மரத்தில் அகச்சிவப்பு கேமரா வைத்துப் பார்த்தபோது, பழந்தின்னி வௌவால்கள் வந்து சீவிய இடத்தை நக்குவது பதிவானது. எச்சில், சிறுநீர் வழியாக வைரஸ் சாற்றில் கலக்கிறது. மறுநாள் காலை அது மனிதர் வயிற்றுக்குப் போகிறது. அங்கே நிபா வந்தவர்களில் பத்தில் ஏழு பேர் வரை இறந்திருக்கிறார்கள்.

கேரளாவில் 2018-ல் கோழிக்கோடு, மலப்புரம் பகுதிகளில் 17 உயிர்களைப் பறித்த நிபா, மரச்சாற்றால் வந்ததாக நிறுவப்படவில்லை. மலேசியாவில் 1998-99-ல் முதன்முதலாகப் பரவியபோது வழி பன்றிகள். ஆகவே சாறு என்றாலே நிபா என்று முடிவு கட்ட வேண்டாம்.

அதே சமயம் நம் ஊர் வௌவால்களுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. தேசிய வைராலஜி நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பில், தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களின் வௌவால்களிடம் நிபாவின் தடயம் கிடைத்திருக்கிறது. பனை மரமும் வௌவாலுக்குத் தெரியாத இடம் இல்லை. சுண்ணாம்பு புளிப்பைத் தடுக்கும். வைரஸையும் கொன்றுவிடும் என்று நம்பிக் குடிப்பதற்கு அது மருந்து அல்ல.

அப்படியானால் என்ன வழி? வங்கதேசத்தில் மூங்கில், ஓலை கொண்டு தட்டி பின்னி, சீவிய இடத்தையும் பானையையும் மூடினார்கள். வௌவால் சாற்றைத் தொடுவது வெகுவாகக் குறைந்தது. இங்கேயும் பாளையையும் கலயத்தின் வாயையும் வலைத்துணியால் மூடலாம், பெரிய செலவு இல்லை. இன்னொரு வழி அதைவிடச் சுலபம்: கொதிக்க வைப்பது. நன்றாகக் கொதித்தால் நிபா வைரஸ் அழிந்துவிடும், மற்ற கிருமிகளும் போகும். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் பச்சையாகக் குடிக்காமல் இருப்பதே நல்லது. பக்கத்து மாநிலத்தில் நிபா எச்சரிக்கை இருக்கும் நாட்களில் எல்லோருக்குமே இது பொருந்தும்.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

"ஐயா, எப்ப இறக்குனது?" என்று கேளுங்கள். "விடியக்காலைல இறக்குனதுங்க" என்று பதில் வந்து, மணி மத்தியானம் ரெண்டு ஆகியிருந்தால் யோசியுங்கள். மேலே வெள்ளை நுரை பொங்கி, மூக்கில் புளிப்பு ஏறினால் வேண்டாம். நல்ல பதநீரில் சுண்ணாம்பு அடியில் தங்கியிருக்கும், மேலே ஓரளவு தெளிவாக இருக்கும், துணியில் வடிகட்டியிருப்பார்கள்.

இனிப்பு தொண்டையில் ஒட்டிக்கொண்டு, குடித்து முடித்த பிறகும் கசப்பாக நின்றால் சந்தேகப்படுங்கள். தண்ணீரில் சாக்கரின் கலந்து, கொஞ்சம் சுண்ணாம்பு கரைத்து பதநீர் என்று விற்பதும் நடக்கிறது. ஐஸ் போட்டுத் தருகிறேன் என்றால் தாராளமாக மறுத்துவிடலாம். பதநீர் நன்றாக இருந்தும் வயிற்றைக் கெடுப்பது பல நேரம் அந்த ஐஸ்தான். புகார் இருந்தால் மாவட்ட உணவு பாதுகாப்பு அலுவலகத்தில் சொல்லலாம்.

பதநீரில் சமைப்பது எப்படி?

இங்கேதான் பதநீர் உண்மையில் ஜெயிக்கிறது. கொதித்துவிடுவதால் கிருமி பயம் குறைவு, ருசியோ வேற லெவல்.

பதநீர்ப் பொங்கல் வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில். அரிசியை நேரடியாகப் பதநீரில் போட்டுவிடுவார்கள், அது வேகவே வேகாது. சர்க்கரை அதிகமுள்ள நீரில் அரிசி மெதுவாகத்தான் வேகும், விறைத்தும் போகும். அதனால் பச்சரிசியையும் பாசிப்பருப்பையும் கொஞ்சம் தண்ணீரில் முக்கால் பதம் வேகவிட்டு, பிறகு பதநீரை ஊற்றிக் கிளறுங்கள். ஊற்றுவதற்கு முன் பதநீரை அரை மணி நேரம் அசைக்காமல் வைத்து, தெளிந்ததை மட்டும் இறுத்து எடுங்கள். அடியில் இருக்கும் சுண்ணாம்பு வண்டல் பொங்கலில் போனால் வாடை அடிக்கும். வெல்லம் தேவையில்லை. சுக்கு, ஏலக்காய், தேங்காய்த் துருவல் போதும்.

பாத்திரம் பெரியதாக இருக்கட்டும், பதநீர் பொங்கி வழியும். கருப்பட்டி காய்ச்சுகிறவர்கள் அந்த நுரையை அடக்க ஆமணக்கு விதையை இடித்துப் போடுவது வழக்கம். வீட்டில் அது வேண்டாம். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும்.

பாயசத்துக்குப் பால் ஊற்றுவதாக இருந்தால் முதலில் ஒரு கரண்டி பதநீரில் கொஞ்சம் பாலைக் கலந்து சூடு பண்ணிப் பாருங்கள். திரிந்தால், பதநீர் புளிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னும் காய்ச்சிக்கொண்டே போனால் பாகு, அதையும் தாண்டினால் கருப்பட்டி. ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் வரை பதநீர் வேண்டும். விறகும், மணிக்கணக்கில் கிளறும் கையும் தனி. கடையில் கருப்பட்டி ரொம்ப சல்லிசாகக் கிடைத்தால், பத்து லிட்டர் பதநீர் என்ன விலை என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்கு இடித்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் வெள்ளைச் சர்க்கரைதான்.

சுகர் இருப்பவர்கள் குடிக்கலாமா?

"பனையில வர்ற இனிப்பு, சுகர் ஏறாது" என்பது ஆபத்தான நம்பிக்கை. 200 மில்லி பதநீரில் 20 முதல் 28 கிராம் வரை சர்க்கரை இருக்கும். அதாவது ஐந்து முதல் ஏழு டீஸ்பூன். அதிகப்படியான சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டம்ளரிலேயே அந்தக் கணக்கு தீர்ந்துவிடுகிறது. இந்தச் சர்க்கரையில் பெரும்பகுதி, கரும்பில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். தாதுச் சத்துகள் இருப்பது உண்மை, அதற்காக ரத்தத்தில் ஏறாமல் இருக்காது. நீரிழிவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கருப்பட்டி காபிக்கு மாறுவதும் இதே தவறுதான்.

நல்ல பதநீர் ஏன் அரிதாகிறது?

ஏறுவதற்கு ஆள் இல்லை. தினமும் ஏறி இறங்க வேண்டும், விழுந்தால் உயிர் அல்லது இடுப்பு. சீசனோ சில மாதங்கள்தான். பிள்ளைகளை இதில் விட எந்தப் பனையேறிக்கும் மனம் வராது, அதைக் குறை சொல்லவும் முடியாது. வரப்பிலும் ஏரிக்கரையிலும் நின்ற மரங்கள் பல செங்கல் சூளைக்கு விறகாகப் போய்விட்டன.

2021 ஆகஸ்டில் தாக்கலான தமிழகத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், 30 மாவட்டங்களுக்கு 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் தருவதாக அரசு அறிவித்தது. பனையை வெட்ட வேண்டிய கட்டாயம் வந்தால் ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும் என்றும் அதில் சொல்லப்பட்டது. அந்த விதைகள் முளைத்து மரமாகி, பாளை விட்டு, கலயம் கட்டும் அளவுக்கு வளர பத்துப் பதினைந்து வருடங்களாவது ஆகும். அதுவரை நெடுஞ்சாலை ஓரத்தில் உங்களுக்குக் கிடைக்கும் பதநீர் எல்லாம், பாட்டன் காலத்தில் முளைத்து இன்னும் வெட்டுப்படாமல் நிற்கும் மரங்களில் இருந்து வருவதுதான்.