உங்களுக்குத் தெரியுமா? எம்.பி. பூஜ்யம், மந்திரி ஒருவர்!

மக்களவையில் ஒரே ஒரு எம்.பி.கூட இல்லாத கட்சிக்கு மத்திய கேபினட்டில் நாற்காலி கிடைக்குமா? கிடைத்திருக்கிறதே! 1989 மக்களவைத் தேர்தலில் தி.மு.க. ஜெயித்த இடங்கள் பூஜ்யம். ஆனால் வி.பி.சிங் அமைச்சரவையில் நகர்ப்புற வளர்ச்சித் துறை யாருக்குப் போனது? மாநிலங்களவையில் இருந்த முரசொலி மாறனுக்கு!

அதோடு நின்றாரா? தேவகவுடா, குஜ்ரால், வாஜ்பாய் என்று அடுத்தடுத்த கூட்டணி ஆட்சிகளிலும் அவர் மந்திரி. மொத்தம் 4 பிரதமர்கள்! அசந்துவிடாதீர்கள். பீகாரின் ராம் விலாஸ் பாஸ்வான் அந்த நால்வரிடமும் இருந்தார், பிறகு மன்மோகன் சிங்கிடமும் மோடியிடமும் இருந்தார். பிரதமர்கள் 6!

இப்போது ஒரு பதவியேற்பு விழாவுக்கு வாருங்கள். நாள் 1989 டிசம்பர் 2. பதவிப் பிரமாணம் செய்து வைப்பவர் நம்ம ஊர் ஆர்.வெங்கட்ராமன், குடியரசுத் தலைவர். எதிரே நிற்பவர் ஹரியானாவின் தேவிலால். வெங்கட்ராமன் ‘அமைச்சர்’ என்று வாசிக்கிறார். தேவிலால் ‘துணைப் பிரதமர்’ என்கிறார்! குடியரசுத் தலைவர் திருத்துகிறார். தேவிலால் அசையவில்லை, மறுபடியும் ‘துணைப் பிரதமர்’தான்! விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. பிரமாணம் செல்லும், ஆனால் சட்டத்தின் கண்ணில் அவரும் மற்றவர்களைப் போல ஓர் அமைச்சர்தான் என்று தீர்ப்பு வந்தது. அரசியல் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள், துணைப் பிரதமர் என்ற பதவியே அதில் கிடையாது!

இல்லாத அந்தப் பதவியில் ஒரே சமயத்தில் எத்தனை பேர் இருந்திருக்கிறார்கள் தெரியுமா? 1979-ல் மொரார்ஜி தேசாய்க்கு சரண் சிங், ஜகஜீவன் ராம் என்று துணைப் பிரதமர்கள் 2 பேர்! ஆறே மாதத்தில் ஆட்சி காலி!

அடுத்து வந்த சரண் சிங் அமைச்சரவையில்தான் திராவிடக் கட்சி முதன்முதலாக மத்திய மந்திரி பதவியை ருசித்தது. அ.தி.மு.க.வின் சத்தியவாணி முத்து, பாலா பழனூர். சேர்ந்தது 1979 ஆகஸ்டில். பிரதமர் ராஜினாமா செய்தது எப்போது? அதே ஆகஸ்ட் 20-ல்! பிரதமராக ஒருநாள்கூட நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலே போனார் சரண் சிங்!

அ.தி.மு.க. முதலில் ஆட்சி அமைத்தது சென்னையில் என்றா நினைத்தீர்கள்? புதுச்சேரியில், ஐயா! 1974-ல், இந்திய கம்யூனிஸ்ட் கட்சியோடு கூட்டணி போட்டு. கட்சி தொடங்கி ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. மார்ச் 6-ல் பதவியேற்பு, மார்ச் 28-ல் மூட்டை கட்டியாயிற்று!

1948-ல் கம்யூனிஸ்டுகளைத் தேடித் தேடிப் பிடித்தது உள்துறை. 1996-ல் அதே உள்துறைக்கு மந்திரி யார்? கம்யூனிஸ்ட் இந்திரஜித் குப்தா!

1997 பிப்ரவரி 28. ப.சிதம்பரம் போட்ட பட்ஜெட்டுக்கு ‘கனவு பட்ஜெட்’ என்று ஊரெல்லாம் பெயர். ஏப்ரலில் தேவகவுடா ஆட்சி கவிழ்ந்தது. குஜ்ரால் வந்தபோது சிதம்பரத்தின் கட்சியான த.மா.கா. மந்திரிசபையில் சேரவில்லை. ஆக, பட்ஜெட் இருக்கிறது, போட்டவர் வெளியே! நிதி இலாகாவைப் பிரதமரே வைத்திருந்தார். மே 1-ல் சிதம்பரம் திரும்பி வந்தார். நடுவில் 10 நாள்!

ரயில் கட்டணத்தை ஏற்றிய மந்திரியைப் பிரதமர் நீக்கவில்லை, சொந்தக் கட்சித் தலைவரே நீக்க வைத்தார்! 2012 மார்ச்சில் தினேஷ் திரிவேதி ரயில்வே பட்ஜெட் போட்டார். மம்தா பானர்ஜி கொதித்தார். ஒரே வாரத்துக்குள் முகுல் ராய் ரயில்வே மந்திரி! சாதாரண இரண்டாம் வகுப்புக்கு ஏற்றிய கட்டணம் எவ்வளவு தெரியுமா? கிலோமீட்டருக்கு 2 பைசா!

இனி வருவது என் பொறுக்கலிலேயே மணியானது. 1997 அக்டோபர், உத்தரப் பிரதேசம். பகுஜன் சமாஜ் ஆதரவை உருவிக்கொண்டது. முதல்வர் கல்யாண் சிங் என்ன செய்தார்? மற்ற கட்சிகளிலிருந்து பிரிந்து வந்தவர்களுக்கெல்லாம் பதவியை அள்ளிக் கொடுத்தார். மந்திரிகள் 93 பேர்! அத்தனை பேருக்கும் சுழல் விளக்கு கார், அறை, பெயர்ப் பலகை, பி.ஏ.! இலாகாக்களை எப்படித்தான் கூறு போட்டார்களோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அந்தக் கூத்துக்கெல்லாம் கடிவாளம் போட்டது 91-வது அரசியல் சட்டத் திருத்தம். சபையின் மொத்த இடங்களில் 15 சதவீதத்துக்கு மேல் மந்திரிகள் கூடாது. 543 பேர் கொண்ட மக்களவைக்கு உச்சம் 81. நம் தமிழகத்துக்கு 35. சின்ன மாநிலம் என்றால்? குறைந்தது 12 பேர் வைத்துக்கொள்ளலாம் என்று சலுகை உண்டு. சிக்கிம் சட்டமன்றத்தில் மொத்தமே 32 பேர்தான். மூன்றில் ஒருவருக்கு மேல் மந்திரியாகலாம்!

2006-ல் தி.மு.க.வுக்கு 96 இடம். பெரும்பான்மைக்கு வேண்டியது 118. காங்கிரஸின் 34 பேர் வெளியிலிருந்து முட்டுக்கொடுத்தார்கள். கோட்டையில் அவர்களுக்குக் கிடைத்த மந்திரி பதவி? 5 வருஷமும் ஒன்றுகூட இல்லை! டெல்லியிலோ அதே காங்கிரஸ் ஆட்சியில் தி.மு.க.வுக்கு கேபினட் மந்திரிகள் மட்டுமே 3!

கேரளாக்காரர்கள் இதில் கில்லாடிகள். ஒரே ஒரு எம்.எல்.ஏ. வைத்திருக்கும் கட்சிக்கும் அங்கே மந்திரி பதவி உண்டு. ஆனால் பாதி ஆட்சிக் காலத்துக்கு மட்டும்! 2021-ல் பேசிய பேச்சுப்படி 2023 டிசம்பரில் ஆண்டனி ராஜுவும் அகமது தேவர்கோவிலும் இறங்கினார்கள். கணேஷ் குமாரும் கடன்னப்பள்ளி ராமச்சந்திரனும் ஏறினார்கள். சண்டை சச்சரவு இல்லை, சொன்ன சொல் இரண்டரை வருஷம் நின்றது!

2024-ல் பீகாரின் ஜிதன் ராம் மாஞ்சி மத்திய கேபினட்டில் சேர்ந்தார். அவர் கட்சியின் மக்களவை எம்.பி.க்கள் எத்தனை பேர்? அவர் மட்டும்! வயது 79. அதே நாளில் கேபினட் மந்திரியான தெலுங்கு தேசத்தின் ராம் மோகன் நாயுடுவுக்கு வயது 36! அவருடைய அப்பா எர்ரன் நாயுடு 1996-ல் கேபினட்டுக்குள் நுழைந்தபோது வயது 39. அப்பாவை மகன் மூன்று வயசு வித்தியாசத்தில் முந்திவிட்டார்!

நாகாலாந்தில் 2021-ல் எல்லாக் கட்சிகளும் ஆளுங்கட்சி ஆகிவிட்டன. எதிர்த்துப் பேச ஆளே கிடையாது!

கட்சியே இல்லாதவர் கூட்டணிக்குத் தலைமை தாங்க முடியுமா? ஜார்க்கண்டில் மது கோடா தாங்கினார்! சுயேச்சை எம்.எல்.ஏ. அவருக்குப் பின்னால் காங்கிரஸ், ஜே.எம்.எம்., ஆர்.ஜே.டி. என்று பெரிய கட்சிகள் வரிசை கட்டின. 2006 செப்டம்பரில் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தார். நாலு நாள் தாங்குமா என்றார்கள். தாங்கியது 709 நாள்!