பெட்டி அளவும் ஆவண வகை அறிவிப்பும்: பழைய பக்கங்களைக் காத்த ஓர் இணக்க வழி
1996இல் வெளியான சி.எஸ்.எஸ். முதல் தரநிலையின்படி, பெட்டியின் அகலம் என்பது உள்ளடக்கத்தின் அகலம் மட்டுமே; உள்ளிடைவெளியும் எல்லைக்கோடும் அதற்குப் புறம்பானவை. விண்டோஸுக்கான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 அவற்றையும் அகலத்துள் அடக்கியது. அகலம் 300, இருபுறமும் உள்ளிடைவெளி 20, கோடு 5 படப்புள்ளிகள் எனில் தரநிலைப்படி பெட்டி 350 புள்ளிகளை அடைக்கும். அவ்வுலாவியிலோ 300 மட்டுமே. எனவே, ஓர் உலாவியில் அருகருகே பொருந்திய பத்திகள் மற்றொன்றில் கீழே சரிந்தன. கணக்கீட்டைத் திருத்தினால் முன்னரே எழுதப்பட்ட பக்கங்கள் குலையும். திருத்தாவிடில் தரநிலை ஏட்டளவில் நின்றுவிடும்.

மேக் கணினிக்கான எக்ஸ்புளோரர் 5 (2000) இதற்கு வழிகண்டது: பக்கத்தின் தலைப்பில் முறையான ஆவண வகை அறிவிப்பு இருப்பின் தரநிலை முறை, இல்லையேல் பழைய முறை. விண்டோஸில் எக்ஸ்புளோரர் 6 (2001) இதனையே பின்பற்றியது. பழைய கணக்கீடு தரநிலைக்கு முரணாயினும் வடிவமைப்போருக்கு அதுவே எளிது. பின்னாளில் பாக்ஸ்-சைசிங் என்னும் பண்பின் வழியாகத் தரநிலையே அதற்கு இடமளித்தது.