சயனைடு மலையில் பிறந்த ராக்கி பாய்

கோலார் தங்கவயலுக்குப் போனால் சயனைடு மலையைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்! மலை என்று பேர்தான். சுரங்கப் பாறையை அரைத்து, சயனைடால் தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய தூள் பல பத்தாண்டுகளாகக் கொட்டிக் குவிந்த மேடு. 2001-ல் சுரங்கம் மூடியது. பல ஆண்டுகள் கழித்து அந்த மேட்டில்தான் ‘கே.ஜி.எஃப்.’ படக்குழு செட் போட்டு நராச்சியை எழுப்பியது. நராச்சி கற்பனை ஊர், ராக்கி கற்பனை ஆள். ஆனால் நெட்டில் ராக்கி பாய்க்கு இருக்கும் உறவுக்கூட்டம் நிஜ மனிதர்களுக்கே வாய்க்காது.

இரண்டாம் பாகத்தின் டீசர் வந்த கதையைக் கேளுங்கள். 2021 ஜனவரி 8, ராக்கியாக நடித்த யஷ் பிறந்தநாள் காலை 10.18-க்கு வரும் என்று அறிவித்திருந்தார்கள். முந்தின நாளே காட்சிகள் கசிந்துவிட்டன. படக்குழு விடியும்வரை காத்திருக்கவில்லை, அன்றிரவு 9.29-க்கே யூடியூபில் ஏற்றிவிட்டது!

2022 ஏப்ரலில், படம் வரும் நேரத்தில், தயாரிப்பு நிறுவனமான ஹொம்பாளே பிலிம்ஸ் ‘கே.ஜி.எஃப்.வெர்ஸ்’ என்ற மெய்நிகர் உலகத்தையே திறந்தது. ரசிகர்கள் டிஜிட்டல் அவதாரம் எடுத்து ராக்கியின் உலகத்துக்குள் நுழையலாம் என்பது திட்டம். அடுத்த ஆண்டே கன்னடத்தின் பவர் டிவியில் ‘சௌந்தர்யா’ என்ற ஏஐ பெண் செய்தி வாசித்தாள். கர்நாடகம் இதிலெல்லாம் என்ன வேகம்!

கற்பனை ஆளுக்கு ரசிகர் கூட்டம் என்றால், ஜப்பானின் ஹட்சுனே மிக்குவை அறிவீர்களா? சப்போரோவின் கிரிப்டன் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட குரல் மென்பொருள் அது; நீலப்பச்சை இரட்டைச் சடைக்காரியின் உருவத்தோடு வந்தது. குரல் சாகி ஃபுஜிதா என்ற நடிகையுடையது. பாட்டுகளை எழுதி மெட்டமைத்துக் குவித்தவர்களோ பெரும்பாலும் ரசிகர்கள்தான். பார்க்கிறவர்களே படைக்கிறவர்களாகும் அந்த மாயம்தான் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் தருகிறது.

ராக்கி விஷயத்திலும் அது நடந்தது, இன்னும் ஒரு படி மேலே! யூடியூபுக்காகக் குறும்படங்களையும் ரசிகர் வீடியோக்களையும் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பையன், உஜ்வல் குல்கர்னி. அவர் திறமை கண்ணில் பட்டதும் இயக்குநர் பிரசாந்த் நீல் கொடுத்தது சின்ன வேலையா? ‘கே.ஜி.எஃப். 2’ முழுப் படத்தின் எடிட்டிங்கையே கொடுத்துவிட்டார்! படம் வந்தபோது உஜ்வலுக்கு வயது 19. இத்தனை கோடிப் பணத்தையும் உழைப்பையும் அந்த வயதுக்காரர் கையில் தர எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அடுத்து 2023-ல் வந்த ‘சலார்’ படத்துக்கும் பிரசாந்த் நீல் அவரையே கூப்பிட்டுக்கொண்டார்.